அளவுச் சாப்பாடு

எனக்குச் சமைக்கப் பிடிக்கும் சார். ஆம்பளை அடுப்படியில நிக்கிறதான்னு சிலர் கேலி பண்ணுவாங்க, நான் கண்டுக்கிறதில்லை. ஜிம்ல என்னை மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. புதுசா சேர்ற எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லிடுவேன், உடம்பு வளர்றது இங்க இல்லைப்பா, உன் வீட்டு அடுப்படியிலன்னு. செலவாகிற கலோரியைவிடக் கொஞ்சம் கூடத் தின்னா தசை ஏறும். குறைச்சா, என்னதான் முக்கி முக்கித் தூக்கினாலும் ஏறாது.

என் மனைவி விபத்துக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தா. வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, தனியாப் போறேன்னா. வேலைக்கு மட்டும்தான் போறாளான்னு எனக்குச் சந்தேகம். சந்தேகம் வர்ற மாதிரிதான் நடந்துக்கிட்டா. போன் வந்தா பால்கனிக்குப் போறது, என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துறது. யாருன்னு கேட்டா தங்கச்சிங்கறா. எப்பப் பார்த்தாலும் தங்கச்சியா? அந்த வாரமே வண்டியிலேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அதைத் தெளிவா எழுதிக்குங்க.

ரொம்ப நாள் படுக்கை. காலு ரெண்டும் குச்சியாப் போச்சு. எலும்பு சேர்ந்துடுச்சு, இனிமே நல்லாச் சாப்பிடக் குடுத்து, பயிற்சியும் குடுத்தா நடந்துடுவாங்கன்னார் டாக்டர். பயிற்சி நானே குடுக்குறேன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

பயிற்சியில நான் ஒரு குறையும் வைக்கலை. நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்க வச்சேன், மணல் பை கட்டிக் காலை நீட்ட வச்சேன். இப்படி ஒரு புருஷன் யாருக்கு அமையும்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க. சாப்பாட்டுலதான் கொஞ்சம் கையை இழுத்துப் பிடிச்சேன். பால்ல பாதி தண்ணி. சூப்ல எண்ணெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. சோறு ஒரு கரண்டி. முட்டையில மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையை மட்டும் குடுத்தேன். ஆணழகன் போட்டிக்குப் போற பசங்களுக்குக் குடுத்துக் குடுத்து, கை தானா அப்படித்தான் போகுது. பசிக்குதும்பா. முதல்ல வாய்விட்டுச் சொன்னா, அப்புறம் கண்ணால மட்டும். பசிச்சா உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு சொல்லி நெத்தியைத் தடவி விடுவேன். நான் குரலை உயர்த்தினதே இல்லை சார். போனை மட்டும் நான் வச்சுக்கிட்டேன், ஓய்வு கெடக் கூடாதுன்னு. கதவைப் பூட்டினது கிடையாது. பூட்டுறதெல்லாம் கொடுமை.

ஒரு தடவை கொழுந்தியா வந்தா.

"மாமா, அக்கா ஏன் இப்படி உருகிப் போயிட்டா?"

"பயிற்சி பண்றாம்மா, கொழுப்பு கரையுது. தசை அப்புறம்தான் வரும்."

அவ நம்பலை. நேரா அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தா. என் வீட்டுக்கே வந்து என்னையே வேவு பாக்குறா. இப்போதைக்கு வராதே, கிருமி ஒட்டிக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ வாங்கிட்டு வந்த பழத்தையும் பிஸ்கட்டையும் ஜிம் பசங்களுக்குக் குடுத்துட்டேன். சாப்பாட்டை வீணாக்க எனக்கு மனசு வராது.

வாரா வாரம் டேப் வச்சு அவ தொடையை அளப்பேன். ஏறவே இல்லை. இந்தக் காலு எங்கயும் போகாதுன்னு நிம்மதியா இருந்தேன். அங்கதான் ஏமாந்துட்டேன். எங்க போட்டியில மேடையேறி உடம்பைக் காட்டினாப் போதும், ஒரு கிலோவைக்கூட யாரும் தூக்கச் சொல்றதில்லை. அதனால என் கண்ணு பருமனை மட்டும்தான் பாக்கும். அரைவயித்துக்குத் தின்னா தசை பெருக்காது, வாஸ்தவம். ஆனா விடாம பழகினா, இருக்கிற கொஞ்சத் தசையையே நல்லா வேலை வாங்க உடம்பு கத்துக்கும். பருமன் ஏறாட்டியும் பலம் ஏறும். இது எனக்குத் தெரியாததா? நான் ஜிம்முக்குக் கிளம்பினதும் அவ தனியா உக்காந்து எழுந்து, உக்காந்து எழுந்து பழகியிருக்கான்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, முதுகு வளையாம செஞ்சிருப்பா.

நேத்து மத்தியானம் அந்தக் குச்சிக் காலோடயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாடி இறங்கிப் போயிருக்கா. தெருமுனை பேக்கரியில போய், போலீசைக் கூப்பிடுங்கன்னுகூடச் சொல்லலையாம். பன் கேட்டாளாம். அதை நின்ன வாக்குலயே முடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாளாம். கடைக்காரர் பார்த்துட்டு உங்களுக்குப் போன் பண்ணிட்டார். தெரு முழுக்க என் மானம் போச்சு.

சரி, சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவ எழுந்து போயிடக் கூடாதுன்னு பட்டினி போட்டேன். அடுத்த வாரம் இன்னும் குறைக்கிறதா இருந்தேன். இப்போ குடுக்கிறதுக்குக் கீழ போனா உசுரு தாங்காதுன்னும் தெரியும்.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க சார். அவ இப்போ தங்கச்சி வீட்டுல இருக்கான்னீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு விவரமும் பத்தாது, கேட்டதையெல்லாம் அள்ளிப் போட்டுடும். அளவு பார்த்து ஊட்ட, என்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா?