நேப்பியர் பெண் கேட்ட பிஸ்டல்

கென்டக்கி, கார்வர் மாவட்ட ஷெரிப் அலுவலகத்தில், சாட்சி தானே முன்வந்து சொல்ல, துணை ஷெரிப் ஹைரம் ஸ்பர்லாக் எழுதிக்கொண்டது.

பெயர்: வெர்லீன் ஸ்டிடம். வயது: ஐம்பத்தேழு. கணவர்: காலஞ்சென்ற ஓவன் ஸ்டிடம். விலாசம்: லிக் ஃபோர்க் சாலை, மெதடிஸ்ட் சர்ச்சுக்கு அடுத்த வீடு. தொழில்: ஹோபர்ட் ஃப்யூகேட் என்பவரின் துப்பாக்கிக் கடையில் விற்பனை.

நான் மேற்படி விலாசத்தில் வசித்து, மேற்படி கடையில் கவுண்டர் வேலை பார்த்து வருகிறேன். என்னை யாரும் இங்கே வரச் சொல்லவில்லை. மிஸ்டி நேப்பியர் என்ற பெண்ணை, துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ள ரான்டல் கோம்ஸ் என்பவனுக்காகத் துப்பாக்கி வாங்க முயன்றதாக நேற்று சாயங்காலம் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றும், அவளுடைய போனில் இருந்த ஒரு வரிதான் சாட்சி என்றும், கைக்குழந்தையைப் பிரித்து வேறு வீட்டில் விடப் போகிறார்கள் என்றும் காலையில் சர்ச் வாசலில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் பிரார்த்தனைக்குக்கூட உட்காராமல் நேராக இங்கே வந்தேன். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று துணை ஷெரிப்பிடம் கேட்டுக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை மதியம், நான் கவுண்டருக்குப் பின்னால் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேற்படி மிஸ்டி கடைக்குள் வந்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. வந்தவள் துப்பாக்கிகளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். "அக்கா, மெட்டல் பாடி பிஸ்டல் ஒண்ணு வேணும். ப்ளாஸ்டிக் பாடி வேணாம். மேல ரெட் டாட் மாட்டுற மாதிரி வெட்டி வந்திருக்கணும். விலை ரொம்பப் போகக் கூடாது."

நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு ஏக சந்தோஷம். இருபது வருஷமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன். பெண் ஒருத்தி வந்தால் ஆம்பிளைகள் அவள் கையில் ரோஸ் கலரில் ஒரு பொம்மையைத் திணித்துவிட்டு, வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, எங்கள் கடையில் பெண்களிடம் 'யாருக்கு' என்று கேட்கவே கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தியவள் நான். நேற்றும் ஹோபர்ட் பட்டறை மேசையிலிருந்து தலையை நீட்டி, "யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "நீங்க உங்க வேலையப் பாருங்க ஹோபர்ட். அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும்" என்று வெட்டிவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். இதைத் தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வந்தவளைத் தடுத்தது நான்.

அதன் பிறகு அவள் கேட்ட மாதிரி பிஸ்டலைத் தேடினேன். அது சுலபமில்லை. பேர்போன கம்பெனிகளின் மெட்டல் பாடி எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் விலை. விலை குறைந்ததெல்லாம் ப்ளாஸ்டிக். விலையும் குறைந்து பாடியும் மெட்டலாக இருந்தால் மேலே வெட்டு இருக்காது, அதை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டினால் பிஸ்டல் விலையில் பாதி அங்கேயே போய்விடும். கடைசியில், போன வாரம் ஒருவர் எங்களிடம் கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொண்டு போன துருக்கிப் பிஸ்டல் ஒன்று நினைவுக்கு வந்தது. அலுமினியப் பாடி, மேலே வெட்டு, அதை மூடும் தகடு எல்லாம் சரியாக இருந்தன. அதை எடுத்து, மேல் ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே காலி என்று அவளுக்குக் காட்டி, விரிப்பின்மேல் வைத்தேன். அதன் பிறகு, குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கண்ணாடி ஒன்றை ஷோகேசிலிருந்து எடுத்து அதன்மேல் மாட்டிக் கொடுத்து, சுவரில் இருக்கும் மான் தலையைப் பார்க்கச் சொன்னேன்.

அவள் பார்த்தாள். "புள்ளியாத் தெரியலக்கா. தக்காளிய நசுக்கினாப்ல இருக்கு" என்றாள். சிலருடைய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், குறை கண்ணாடியில் இல்லை. "கண்ணு, உங்க கண்ணுல கொஞ்சம் கோணல் இருக்கு, வேற ஒண்ணுமில்ல. பச்சைப் புள்ளி போட்டுப் பாப்போம். அதுவும் சரி வரலன்னா இது உங்களுக்கு ஆகவே ஆகாது, காசை வீணாக்காதீங்க" என்றேன். அவள் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்க்கா. இதே இருக்கட்டும். எனக்கு எப்படித் தெரிஞ்சா என்ன" என்றாள்.

நானும் வாசலைப் பார்த்தேன். வாசலில் ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி, இஞ்சின் ஓடியபடி நின்றது. ஓட்டும் இடத்தில் ஓர் ஆள். அவன் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையை வைக்கும் தொட்டில் கூடை. அதன் பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "கண்ணு, இது யாருக்கு?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "அவருக்கு. அவரால கடையில வாங்க முடியாது, பழைய கேஸ் இருக்கு. மொத சம்சாரம் ஆர்லீன் எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சிட்டாரு" என்றாள். நான் பிஸ்டலை எடுத்துப் பெட்டிக்குள் பூட்டினேன். "இத நான் உங்களுக்கு விக்க மாட்டேன்" என்றேன். "விக்காதீங்க" என்றாள். சொன்னவள் அங்கேயே நின்றாள். "ஆனா வெறுங்கையோட வெளிய போயி நான் என்னக்கா சொல்றது? பாப்பா அங்க இருக்கா. நான் எங்க போனாலும் பாப்பாவ அவர்தான் வச்சுக்குவாரு" என்றாள்.

அப்போது அவளுடைய போன் அதிர்ந்தது. 'என்னாச்சு' என்று வந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவுண்டர் கண்ணாடிமேல் போட்டாள். நான் அதை எடுத்து, 'கெடச்சிருச்சு, பேப்பர் வேலை நடக்குது' என்று தட்டி அனுப்பினேன். நீங்கள் சாட்சி என்று வைத்திருக்கும் வரி இதுதான். தட்டியது இந்த விரல். அனுப்பட்டுமா என்று அவளிடம் நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு ஹோபர்ட்டிடம் விஷயத்தைச் சொல்லி, நான் குழந்தையோடு உள்ளே வந்த நிமிஷமே கதவை மின்பூட்டுப் போட்டுவிட்டு உங்களைக் கூப்பிடச் சொன்னேன். "இப்பவே கூப்பிடுறேன்" என்றார். "சைரனைக் கேட்டதும் அவன் குழந்தையோட கெளம்பிட்டான்னா?" என்றேன். அவர் பூட்டுப் பொத்தான் பக்கத்தில் போய் நின்றார். தாமதமாகக் கூப்பிட்டார் என்று அவர்மேல் குறை எழுத வேண்டாம்.

அதன் பிறகு நான் மட்டும் வெளியே போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன். மேற்படி ரான்டல் கண்ணாடியை இறக்கினான். வாய் நிறையப் புகையிலை. சிரித்த முகம். "என்னக்கா, அவ எதையாவது ஒடச்சிட்டாளா?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வாங்குறவங்க மேல கேஸ் இருக்கான்னு பாக்குற செக் அனுப்பினோம், தாமதம்னு பதில் வந்திருக்கு. இந்த மாவட்டத்துல கல்லை விட்டா ஒரு நேப்பியர் மேலதான் விழும், கம்ப்யூட்டருக்கு எந்த நேப்பியர்னு தெரியல. சில சமயம் அரை மணியில சரியாயிடும், சில சமயம் மூணு வேலை நாள் ஆகும்" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "அவ எதாச்சும் உளறினாளா?"

"அவ எங்க பேசுறா? நாந்தான் பேசிட்டிருக்கேன்" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். வண்டிச் சாவியின் மேல் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான். கூடையில் குழந்தை முழித்துக்கொண்டு தன் காலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று வாயில் வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஐயய்யே, என்ன தம்பி இந்த நாத்தம்! புள்ள முழுசாப் போயிருக்கு, உங்களுக்குத் தெரியவே இல்லையா? இப்படியே விட்டா சீட்டெல்லாம் ஆயிடும்."

அவன் கூடையைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். "எனக்கு வாடை வரலியே" என்றான். "வாய் நெறைய அத அதக்கி வச்சிருந்தா எப்படி வரும்? நீங்களே மாத்துறீங்களா, துண்டு கொண்டாரட்டுமா?" என்றேன். "ஐய, எனக்கெதுக்கு. அது அவ வேலை. தூக்கிட்டுப் போங்க, சீக்கிரம் குடுங்க" என்று கூடையை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான்.

நான் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும் என்று நடந்தேன். பின்னால் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். உள்ளே நுழைந்ததும் எனக்குப் பின்னால் பூட்டு விழுந்தது. மிஸ்டி கூடையை வாங்கித் தரையில் உட்கார்ந்து, குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஹோபர்ட் போனில் உங்களைக் கூப்பிட்டார். அதன் பிறகு ரான்டல் வந்து கதவை உதைத்து, அவளையும் என்னையும் இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் ஏசி, கண்ணாடியில் புகையிலையைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்துப் போனதும், உங்கள் ஆட்கள் அவனைப் பாலத்தருகே பிடித்ததும் உங்களுக்கே தெரியும். அதன் பிறகு வந்த உங்கள் ஆட்களில் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு மிஸ்டியையும் வண்டியில் ஏற்றினார். நான் சொல்ல வந்தபோது, "பிறகு கேட்கிறோம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார். அவளை விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

விசாரணையில் கேட்டதற்குப் பதில்: வாங்குபவர் நிரப்பும் படிவத்தை நான் அவளிடம் கொடுக்கவே இல்லை. அவள் எதிலும் கையெழுத்திடவில்லை. பணம் எதுவும் கை மாறவில்லை. செக் எதுவும் அனுப்பப்படவில்லை. துப்பாக்கி தனக்கு என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

துணை ஷெரிப், "அப்ப இதுல பொய் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். போனில் தட்டியது ஒரு பொய், செக் என்றது ஒரு பொய், நாற்றம் என்றது ஒரு பொய். மூன்றும் என்னுடையவை. அவளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு உள்ளதைச் சொன்னாள். நான் தட்டிய பொய்க்காகத்தான் அவள் உள்ளே இருக்கிறாள், நான் வெளியே இருக்கிறேன். வழக்குப் போடுவதானால் என்மேல் போடுங்கள்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் ரான்டலிடம் சொன்னவை தவிர, மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே. குழந்தை சுத்தமாகத்தான் இருந்தது.

(ஒப்பம்) வெர்லீன் ஸ்டிடம்
என் முன்னிலையில்: ஹைரம் ஸ்பர்லாக், துணை ஷெரிப்