குமிழ்மேல் ஒட்டிய பொட்டு

வெங்கிட்டு: ...குமிழைத் திருப்பவே இல்லைங்கறேன்! பொட்டு எங்கே இருந்துதோ அங்கேயேதான் இருக்கு. நன்னா பாரு.

பேச்சியம்மாள்: பாத்தேன் சாமி. பொட்டு இருக்கு. சார்ஜரைத் தாங்க. ரெண்டு மணிக்குக் குப்பை வண்டி எடுக்கணும். பாட்டரி பாதிகூட இல்ல.

வெங்கிட்டு: தரேன், தரேன். பறக்காதே. ஒரு நாள்தானே வெச்சுண்டேன்? அதுவும் சும்மா பாக்கறதுக்கு. என் ஸ்கூட்டருக்கும் இந்த மாதிரி அட்ஜஸ்ட் பண்றது ஒண்ணு வாங்கலாமான்னு... ஒரு ஸ்டடியாக்கும்.

பேச்சியம்மாள்: ஸ்டடி முடிஞ்சுதா?

வெங்கிட்டு: முடிஞ்சுது. ரெண்டு குமிழ். இது வோல்ட்டு, இது ஆம்பியர். உனக்குப் புரியறாப்பலே சொல்லட்டுமா? வோல்ட்டுங்கறது டாங்க்லே தண்ணி எத்தனை உசரம்ங்கறது. ஆம்பியர்ங்கறது...

பேச்சியம்மாள்: குழாய்ல எவ்வளவு வேகமா வருதுங்கறது.

வெங்கிட்டு: ...யார் சொன்னா?

பேச்சியம்மாள்: நீங்கதான். நேத்து சார்ஜரை வாங்கும்போது. அதுக்கு முன்னால ஓசி கேட்டப்பவும்.

வெங்கிட்டு: ஆங்... உங்களுக்கெல்லாம் பத்துவாட்டி சொன்னாத்தான் தலையிலே ஏறும். ஆம்பியரை முழுக்கத் திருப்பி விடு, ஒரு மணி நேரத்திலே ஃபுல்.

பேச்சியம்மாள்: எங்க பாட்டரி இருபது தாங்கும் சாமி. நாங்க பதினஞ்சுக்கு மேல வெக்கறதில்ல. வோல்ட்டு மட்டும் சந்தேகம். எத்தனை வெக்கணும்?

வெங்கிட்டு: இதிலே என்ன சந்தேகம்? நாப்பத்தெட்டு வோல்ட் பாட்டரி. நாப்பத்தெட்டு வெக்கணும். என்னோடது அறுபது. அறுபது வெக்கணும்.

பேச்சியம்மாள்: வெச்சா பட்டினியாக் கிடக்கும். நாப்பத்தெட்டுங்கறது அதைக் கூப்பிடற பேரு சாமி. வயிறு நிறையறது அம்பத்தெட்டு புள்ளி நாலுல. பாட்டரிமேல அப்படி எழுதிருக்குன்னு எங்ககூடக் குப்பை எடுக்கற ரோஜா வாசிச்சா.

வெங்கிட்டு: ரோஜா வாசிச்சா! குப்பை பொறுக்கற கூட்டத்திலே இப்போ இன்ஜினியர் வேறே!

திரிபுரசுந்தரி: வாசல்லே யாரு, பேச்சியா? சாயா குடிச்சுட்டுப் போ. ஏன்னா... அந்தப் பெட்டியை மெத்தையிலேருந்து எடுத்தேளா? நேத்து சாயங்காலம் தொட்டேன், என்னமாச் சுட்டுது!

வெங்கிட்டு: நீ உள்ளே போ, சுந்தரி.

பேச்சியம்மாள்: மெத்தையா? பாக்கறதுக்கு வாங்கின பெட்டி எப்படி மாமி சுடும்?

வெங்கிட்டு: வெயில்... ஜன்னல் வழியா.

திரிபுரசுந்தரி: எந்த ஜன்னல்? அலமாரியை வெச்சு அடைச்சேளே, அதுவா?

பேச்சியம்மாள்: அதுக்குள்ள ஃபேன் ஓடுது சாமி. மெத்தைல வெச்சா மூச்சு முட்டும். கல்தரைல வெக்கணும். பக்கத்துல துணி கூடாது, ஆள் இருக்கணும்.

வெங்கிட்டு: எனக்குப் பாடம் எடுக்கறாயா? முப்பத்தோரு வருஷம் கலூர் ஆபீஸ்லே ஃபைல் பாத்தவனாக்கும்!

திரிபுரசுந்தரி: ஃபைல்லே வோல்ட்டு இருந்துதா?

பேச்சியம்மாள்: மாமி, ஸ்கூட்டர் இன்னிக்கு எங்கயாவது போச்சா?

திரிபுரசுந்தரி: காலமே வைட்டிலா போய்ட்டு வந்தார். நேத்து வரைக்கும் செத்துன்னா கிடந்தது! கம்பெனி சார்ஜரைத் திறந்து நோண்டினார், அது புகைஞ்சுது. அன்னியிலேருந்து...

வெங்கிட்டு: சுந்தரி!

பேச்சியம்மாள்: பின்னே வைட்டிலா வரைக்கும் தள்ளிக்கிட்டா போனீங்க?

வெங்கிட்டு: ...கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்துது.

பேச்சியம்மாள்: சரி. இதைச் சுவத்துல சொருகுங்க. பாட்டரி ஒண்ணும் மாட்ட வேண்டாம். வெறும் சார்ஜர் மட்டும்.

வெங்கிட்டு: எதுக்கு? பொட்டுதான் இருக்கே! அதைப் பாத்து அப்படியே மாட்டிக்கோ. உனக்கு நம்பர் எதுக்கு?

பேச்சியம்மாள்: மாட்டறதுக்கு முன்னால வெறுமனே எரியவிட்டுப் பாக்கறது எங்க வழக்கம். நாலு பொம்பளைங்க வண்டி சாமி. பாட்டரி போச்சுன்னா மறுபடியும் கைவண்டிதான். தள்ளித் தள்ளி நாலு பேருக்கும் இடுப்பு போனது போதும். சொருகுங்க.

வெங்கிட்டு: ...சொருகியாச்சு. போதுமா?

பேச்சியம்மாள்: எனக்குக் கண்ணு சரியில்ல. மாமி, நீங்க வாசிங்க.

திரிபுரசுந்தரி: அறுபத்தேழு... புள்ளி... ரெண்டு.

பேச்சியம்மாள்: உங்க ஸ்கூட்டரு வயிறு நிறையற நம்பர்தானே இது, சாமி?

வெங்கிட்டு: அது... மட்டாஞ்சேரி கரண்ட்டாக்கும். ஏறும், இறங்கும். உனக்குத் தெரியாதா?

பேச்சியம்மாள்: கரண்ட்டு கையை நீட்டிக் குமிழைத் திருப்பிச்சாக்கும்.

வெங்கிட்டு: அப்படியே இருந்தாத்தான் என்ன? பாட்டரிக்குள்ளே காவலுக்கு ஒரு போர்டு இருக்கு. ஜாஸ்தியாப் போனா அதுவே கட் பண்ணிடும்.

பேச்சியம்மாள்: வாட்ச்மேன் இருக்கான்னு வாசக்கதவைத் திறந்து போட்டுட்டா தூங்குவீங்க? வண்டிக்கு எங்க சார்ஜ் போடறோம்னு தெரியுமா உங்களுக்கு? ரோஜா வீட்டு முன்னறையில. உள்ள அவ அம்மா. படுத்த படுக்கை. பொட்டை நம்பி நான் மாட்டியிருந்தா... பாட்டரி உப்பித் தீப்பிடிச்சா நாங்க நாலு பேரும் ஓடிருவோம். அந்தம்மா எங்க ஓடும்?

திரிபுரசுந்தரி: பதில் சொல்லுங்கோ.

வெங்கிட்டு: ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் மாட்டினேன். அறுபதுலே ஏறலை, கம்பெனி சார்ஜர்மேலே போட்டிருந்த நம்பரை வெச்சேன். பழையபடி வெக்கலாம்னுதான் பாத்தேன்... அந்தப் பொட்டு உரிஞ்சு கையோட வந்துடுத்து. எங்கே இருந்துதுன்னு ஞாபகம் இல்லை. அதான்...

பேச்சியம்மாள்: அதான் கைக்கு வந்த இடத்துல புதுசா ஒண்ணு ஒட்டிட்டீங்க. சிவப்பு. நான் ஒட்டினது கறுப்பு.

திரிபுரசுந்தரி: சிவப்பா! என் கண்ணாடியிலே ஒட்டி வெச்ச பொட்டுலே ஒண்ணு குறையறதேன்னு காலமேலேருந்து தேடறேன்!

வெங்கிட்டு: கறுப்போ சிவப்போ, இப்போ என்ன கெட்டுப் போச்சு? எழுத்து தெரியாதவ, அடையாளத்துக்கு ஒரு பொட்டு இருக்கட்டுமேன்னு நல்ல மனசோட ஒட்டினேன்.

பேச்சியம்மாள்: எழுத்து தெரியாதவ... ரெண்டு வருஷமா சாக்ஷரதா வகுப்புல எழுத்துப் படிக்கறேன் சாமி. பாட்டரிமேல இருக்கறதை வாசிச்சது ரோஜா இல்ல. நான். ஒவ்வொரு தடவையும் நம்பரைப் பாத்துத்தான் மாட்டறேன். பொட்டை நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

வெங்கிட்டு: கண்ணு சரியில்லைன்னாய்?

பேச்சியம்மாள்: அந்த நம்பர் உங்க வாயால வரட்டும்னு. வரல்ல, மாமி வாயால வந்துச்சு. சாமி, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சார்ஜர் வாங்கறதா இருந்தா உங்க கம்பெனியோடதே வாங்குங்க. குமிழ் இல்லாதது. உங்க கைக்குக் குமிழ் ஆகாது.

வெங்கிட்டு: இரு, இரு. நம்பர்தான் வாசிப்பாய்னா அந்தக் கறுப்புப் பொட்டு எதுக்கு?

பேச்சியம்மாள்: உங்களுக்கு. பாதி குமிழ்மேல, பாதி பெட்டிமேல ஒட்டினேன். திருப்பினா உரியும். அடையாளம் இல்ல சாமி, சீலு.

வெங்கிட்டு: என்னை வேவு பாக்கவா! இந்த புத்தி உனக்கு எங்கேருந்து வந்துது?

திரிபுரசுந்தரி: என் கண்ணாடியிலேருந்துதான்னா. நீங்க சார்ஜர் கேட்டேள்னு அவ சொன்ன அன்னிக்கே, கறுப்பை நான்தான் எடுத்துக் குடுத்தேன்.