வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை

ஹலோ... ம், சொல்லுடி. பொண்ணு ரூமுக்குள்ள போயிட்டியா?... சரி, சரி. பதட்டமா இருக்கியா? முதல் கல்யாணம் படம் எடுக்கறப்ப எல்லாருக்கும் அப்படித்தான். லென்ஸ் மூடியைக் கழட்டினியா?... சிரிக்காத, கழட்டாமலே ஊரையே படம் புடிச்சுத் தள்ளினவ நான்.

ஆமா... ஆமா, கால் மாவுக்கட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. என்னை விடு. ஜன்னல் திரையை ஒதுக்கு... நகையைப் பாக்காத, கண்ணுல போகஸ் வை... எல்லாரையும் வெளிய அனுப்பிட்டல்ல?... அதான். பொண்ணு தனியா இருக்கற படத்துக்கு யாரும் உள்ள நிக்கக் கூடாது. பெத்த அப்பனா இருந்தாலும் வெளியதான்.

என்னது?... கையில திட்டாத் தெரியுதா? மேக்கப்காரி சரியாப் பூசியிருக்க மாட்டா. பூச்செண்டை மணிக்கட்டு மறையற மாதிரி புடிக்கச் சொல்லு. மிச்சத்தை நான் கம்ப்யூட்டர்ல அழிச்சிடறேன்...

விரல் விரலாப் பதிஞ்சிருக்கா?

...இரு. யாரு, மாப்பிள்ளையா? நேத்தா?... வேலைய விட மாட்டேன்னு சொன்னதுக்கா...

இங்க பாரு. நம்மளப் படம் எடுக்கக் கூப்பிட்டாங்க, பஞ்சாயத்து பண்ண இல்ல. அது அவங்க வீட்டு விஷயம்... அவ அப்பாவுக்குத் தெரியுமா?... தெரிஞ்சுமா? பவுடர் போட்டு மறைன்னாரா?...

வேணாம்டி, போனை அவகிட்ட குடுக்காத, நான் என்னத்தப் பேச... ஹலோ... ம், சொல்லும்மா... ஆமா, அவ அக்காதான்... ம்... ம்... அழாத, வெளிய கேக்கும்... கல்யாணம் வேணாம்னு வீட்ல சொன்னியா?... சொல்லியுமா... உன் போன் எங்க?... அப்பாவே வாங்கி வச்சுக்கிட்டாரா. உனக்குன்னு வர்றதுக்கு யாரும்மா இருக்கா?... சித்தி. அவங்க நம்பர் மனசுல இருக்கா?... நல்லது. போனை என் தங்கச்சிகிட்ட குடு.

கேளு. நான் முதல்ல சொன்னதை மறந்துடு. பவுடரைத் துடை. ஈரத்துணியால, மெதுவா, அவளுக்கு வலிக்கும்... ஜன்னல் பக்கம் நிக்க வை. ப்ளாஷ் போடாத, போட்டா காயம் வெளுத்துடும். கை மட்டும் எடுக்காத, முகமும் சேந்து வரணும். இல்லன்னா நாளைக்கு யார் கையோன்னுடுவானுங்க... ஆமா, கேமராவைப் பாக்கட்டும். சிரிக்கச் சொல்லிடாத, பழக்கதோஷத்துல... எடுத்தியா? பெருசாக்கிப் பாரு... ஆடியிருக்கா? அப்ப திரும்ப எடு. முழங்கையை இடுப்போட ஒட்டிக்க, மூச்சை அடக்கிக்க... ம். வந்துடுச்சா? மெமரி கார்டைக் கழட்டி உன் ஷூவுக்குள்ள போடு. கேமராவுல வேற கார்டு போடு.

யாரு தட்டறது?... அவ அப்பாவா?... திறக்காத. ஸ்பீக்கர்ல போடு... ஐயா, வணக்கம்ங்க! ஸ்டுடியோவுலேர்ந்து பேசறேன்... ஆமாங்க, ஆமாங்க, மாப்பிள்ளை வந்து நிக்கறாரு, புரியுதுங்க... வெளிச்சம் இன்னும் சரியாகலீங்கய்யா... ஆல்பத்துல பொண்ணு முகம் இருட்டடிச்சுதுன்னா எங்களைத்தானே திட்டுவீங்க... சின்னப் பொண்ணுங்க அவ, தொழிலுக்குப் புதுசு, கொஞ்சம் நேரமாகும்... ரொம்ப நன்றிங்கய்யா.

போயிட்டாரா?... ஸ்பீக்கரை அணை. கல்யாணத்துல கேமரா ரெடின்னு நாம சொல்லாம ஒண்ணும் நகராது. அது ஒண்ணுதான் இப்ப உன் கையில இருக்கு. எத்தனை தடவை தட்டினாலும் வெளிச்சம் சரியாகலைன்னே சொல்லு... தெரியலடி. சித்தி வருவாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்... எனக்கும்தான் பயமா இருக்கு.

தாழ்ப்பாள் ஆடுதா?... நாற்காலிய முட்டுக் குடு.

திரும்பவும் தட்டறாங்களா?... இன்னும் ஏன் என்கிட்ட பேசிட்டிருக்க? அந்த ரூம்ல இருக்கறதே அந்த ஒரு போன்தான். அவகிட்ட குடு, சித்தியைக் கூப்பிடட்டும்... இல்லடி, நான் லைன்ல இருந்தா அவ எப்படிப் பேசுவா... அழாத. அழாதன்னு சொல்றேன்ல.

நான் வைக்கிறேன்.