யாகோப்பு தொடாத தோணி

நல்ல வேப்பமரம் கிடைப்பது இப்போதெல்லாம் பெரும்பாடு, விதானையார். நீங்கள் குந்தியிருக்கிற அந்தக் கட்டை வேம்புதான். பயப்படாமல் இருங்கள்.

ஊர்த் தலைமைக்காரர் நீங்கள், ஆளனுப்பியதும் வந்துவிட்டீர்கள். கனகரத்தினத்தின் தோணி ஏன் கடலில் மூழ்கியது என்று உங்களுக்கும் யோசனை இருந்திருக்கும். சொல்கிறேன்.

சண்டையால் பர்மா அரிசி நின்றுபோனதும், அக்கரையிலிருந்து அரிசி ஏற்றிவர வல்வெட்டித்துறை மணலில் கிடந்த கிழட்டுத் தோணிகளுக்கெல்லாம் மவுசு வந்தது. கனகரத்தினமும் தகப்பன் விட்டுப்போன தோணியைத் திருத்த நினைத்து, முதலில் தோணி கட்டுகிற யாகோப்பு ஓடாவியிடம் காட்டினான். யாகோப்பு தொழில் தெரிந்தவன்தான், ஆனால் கைவேலையைவிட வாய்வேலை கூட. கடற்கரையில் எல்லோரும் கேட்கச் சொன்னான்: "உது கடலுக்கு ஆகாது தம்பி, அடுப்புக்குத்தான் ஆகும். வேலாயுதம் வந்தாலும் உதிலை கை வைக்கமாட்டான்."

என் பெயரை அவன் இழுத்திருக்கத் தேவையில்லை.

நான் போய்ப் பார்த்தேன். பலகைகளை மாற்றலாம். ஏராவில் உளியை வைத்தேன். ஏராதான் தோணியின் முதுகெலும்பு. பிட்டுக்குள் விரல் போவதுபோல உளி உள்ளே போனது. யாகோப்பு சொன்னது சரி. ஏராவை மாற்றுவதென்றால் புதுத் தோணியே கட்டிவிடலாம். வேண்டாம் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். யாகோப்பு சிரித்துக்கொண்டு நின்றான்.

"செய்யலாம்," என்றேன்.

கனகரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை ஓம் எண்டால் எனக்கு அது காணும்," என்றான். நல்ல பெடியன். பெண்சாதிக்கு முதல் பிள்ளை, மாதம் ஏறியிருந்தது. ஓர் ஓடாவி கை வைத்த தோணியில் மற்ற ஓடாவி பிழை பார்ப்பதில்லை, அது எங்கள் தொழில் மரியாதை. அதற்குப் பிறகு யாகோப்புகூட வாய் திறக்கவில்லை.

ஏராவில் உக்கி உளுத்திருந்த இடத்தை மரத்தூளும் குங்கிலியமும் குழைத்து அடைத்தேன். சுறா எண்ணெய் பூசியதும் எனக்கே வடிவாகத் தெரிந்தது. ஒன்றுதான் இடைஞ்சல். எங்கள் கரையில், திருத்திய தோணி முதன்முதல் கடலுக்குப் போகும்போது ஓடாவியும் அதில் போய்வர வேண்டும். துடக்குத் தீட்டு ஒன்றுதான் அதற்கு விலக்கு. செத்தவீட்டுக்காரன் நல்ல காரியத்தில் கால் வைக்கக்கூடாதே.

எங்கள் வீட்டில் பெரியப்பு, என் தகப்பனின் தமையன், படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்றோ நாளையோ என்று வைத்தியம் பார்க்கும் பரியாரி சொல்லியிருந்தார். பரியாரிமாரை அவ்வளவு நம்பக்கூடாது, விதானையார். தோணி இறக்க நாளும் பார்த்தாயிற்று, மனிதர் இன்னும் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு நோவு தாங்க முடியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுவார். என் பெண்சாதி நல்லம்மா தண்ணீர் அள்ளப் போன நேரம், தலையணையை அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். என் கையைப் பிடித்தார், பெலன் இருக்கவில்லை. அவருக்கும் அது நல்லதாய்ப் போயிற்று.

கனகரத்தினம் செத்தவீட்டுக்கு வந்தான். சுடலையால் திரும்பும்போது சொன்னான்: "துடக்குக் கழியட்டும் அண்ணை. நீங்கள் இல்லாமல் நான் போகமாட்டன். பொறுத்துப் போவம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை.

"விசர்க் கதை கதையாதை," என்றேன். "சோளகக் காத்து கடுத்தால் பிறகு போகேலாது. பெண்சாதியின்ரை பிள்ளைப்பெறுக்கு முந்திப் போட்டு வா. என்ரை கைவேலையிலை நம்பிக்கை இல்லையோ?"

அவன் முகம் வாடிப்போயிற்று. "ஐயோ அண்ணை, அப்பிடியில்லை," என்றான். குறித்த நாளிலேயே தோணியை இறக்கினான். நான் கரைப்பக்கம் போகவில்லை. துடக்குக்காரன் போகக்கூடாது.

அவனும் கூடப் போனவர்களும் திரும்பவில்லை. ஏரா நடுவில் முறிந்திருக்கும். இன்று காலை அவன் பெண்சாதி கைக்குழந்தையோடு வந்து, "உங்கடை துடக்கு உங்களையெண்டாலும் காப்பாத்திப்போட்டுது அண்ணை, பெரியப்பு செத்தும் புண்ணியம் செய்திட்டார்," என்று அழுதாள். அவள் போன பிறகுதான் உங்களுக்கு ஆளனுப்பினேன்.

பெரியப்புவைக் கொன்றது நான். கனகரத்தினத்தையும் மற்றவர்களையும் கொன்றதும் நான்தான். எங்கே சொன்னாலும் கைநாட்டு வைக்கிறேன், தூக்குக் கயிறென்றாலும் வருகிறேன். வேலாயுதம் கொலைகாரன் என்று ஊர் முழுக்கப் பறையடித்துச் சொல்லுங்கள். ஏரா உக்கியிருந்தது என்று மட்டும் யாகோப்புக்குச் சொல்லிவிடாதீர்கள்.