மூணு வரித் தையல்

— ...அதனாலதான் சொல்றேன், அந்த நாற்காலியை அசைக்காத. போன தடவை குஸ்தியில கழுகு ஜெயிச்சப்ப அது அங்கதான் இருந்துச்சு.

— நாற்காலியா வந்து ஜெயிச்சுக் குடுக்கப்போகுது? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. உங்க சட்டைக்குத்தான் பட்டன் வைக்கிறேன்.

— இன்னைக்குப் போய் பட்டனா? ஆறு நாளும் கடையில தைக்கிற. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் அந்த ஊசியைக் கீழ வையேன், டெய்லரம்மா.

— கை சும்மா இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்.

— அப்ப எனக்கு எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருஷம். சாம்பல் கழுகோட முகத்தை ஒருத்தன் பாத்ததில்லை. இன்னைக்கு அந்தத் தங்கப்பல் பையன் முகமூடியைப் பிடுங்கிட்டான்னா கதை முடிஞ்சது. கழுகு அதோட குஸ்தியை விட்டே போயிடணும்.

— பிடுங்கலைன்னா?

— அதுக்கு முன்னாடி தங்கப்பல்லோட ரெண்டு தோளையும் தரையில அமுக்கி, நடுவர் மூணு தட்டு தட்டிட்டார்னா கழுகு தப்பிச்சான். எத்தனை தடவை சொல்றது?

— வாரம் பூரா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த ஆட்டம்னு அவங்க அறிவிச்ச அன்னைக்கு நீங்க சாப்பாட்டைத் தொடவே இல்லை.

— பசிக்கலை.

— நாள் பூரா மூட்டை இறக்கிட்டு வந்தவருக்குப் பசிக்கலையாம்... சரி, குடோன்ல என்ன பேசிக்கிட்டாங்க?

— கிரேன்காரர் எப்பவும் சொல்றதுதான். எல்லாம் செட்டப்பு, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பான்னார். வாட்ச்மேனும் கூடச் சேந்து ஒத்து ஊதுறார்.

— நீங்க சும்மா இருந்திருக்க மாட்டீங்களே.

— ரெண்டாள் உசரத்துல இருந்து ஒருத்தன் மல்லாக்க விழறான். பேசி வச்சது அவனுக்குத் தெரியும். தரைக்குத் தெரியுமா? அப்படின்னு கேட்டேன்.

— அதுக்கு?

— கிரேன்காரர் வாயை மூடிக்கிட்டார்... லாரியும் வந்துடுச்சு.

— அப்ப லாரி வந்ததாலதான் மூடினார்.

— நீ யார் பக்கம்?

— எந்தப் பக்கமும் இல்லை... ஏங்க, நீங்க இதெல்லாம் நிஜம்னுதான் நம்புறீங்களா?

— ஏன் கேக்குற?

— சும்மாதான்.

— கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு வந்து சும்மா கேக்குறியா?

— ஸ்... ஊசி குத்திடுச்சு. ஒண்ணுமில்லை, நீங்க டிவியைப் பாருங்க.

— என்னத்தைப் பாக்க? இன்னும் மைக்கைப் பிடிச்சுப் பேசிக்கிட்டே இருக்கான். இருபது நிமிஷமா பேச்சு, புகை, கலர் லைட்டு. முன்னாடியெல்லாம் மல்லன் வாயைத் திறக்கவே மாட்டான். மணி அடிச்சா கைதான் பேசும்.

— தங்கப்பல் பேசித்தானே ஆகணும். இல்லைன்னா பல்லை எப்படிக் காட்டுறது?

— சிரிக்காத. பழைய ஆட்டத்துல ஒருத்தன் ஒரு பிடி போட்டான்னா பத்து நிமிஷம் விடமாட்டான். பாக்கிற நமக்குத் தோள் வலிக்கும். கொத்தனும் மாலுமியும் மோதினாங்களே...

— ஆரம்பிச்சாச்சு.

— நாப்பது நிமிஷம். ஒரு நாற்காலி பறக்கலை, ஒரு மேசை உடையலை. கடைசியில மாலுமி தோத்தான். தோத்தவன் என்ன செஞ்சான்னு கேளு.

— எழுந்து வந்து, தன்னோட துண்டால கொத்தன் முகத்தைத் தொடைச்சு விட்டான்.

— ...சொல்லியிருக்கேனா?

— நூறு தடவை இருக்கும்.

— அப்ப நூத்தி ஒண்ணாவது தடவை கேளு. ஜெயிக்கிறது யாருக்கும் வரும். தோக்கத் தெரிஞ்சவன்தான் மல்லன். இப்ப தோக்குறவன் எல்லாம் நடுவரைப் போட்டு அடிக்கிறான்.

— அப்ப கழுகு இன்னைக்கு அழகாத் தோத்தான்னா உங்களுக்குப் பரவாயில்லையா?

— ...அது வேற.

— என்ன வேற?

— மாலுமிக்கு அடுத்த வாரம் ஆட்டம் இருந்துச்சு. இவனுக்கு இன்னையோட சரி.

— போகட்டுமே. வேற எத்தனையோ பேர் இருக்காங்க.

— அவனுக்கும் என் வயசுதான், தெரியுமா? நாப்பத்தெட்டு. முட்டி போச்சு, இடுப்பு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த முட்டியை வச்சுக்கிட்டு இன்னும் கயித்து மேல ஏறுறான். அதைப் பாத்துட்டுப் போனா, திங்கக்கிழமை குடோன் படியில மூட்டையோட ஏறும்போது ஒரு... விடு. உனக்குச் சிரிப்பா இருக்கும்.

— நான் சிரிக்கலை.

— ஆட்டம் எழுதுற நோட்டை எடு. தேதியாவது எழுதி வைக்கிறேன்.

— எங்க வச்சீங்க... இதா? அடேயப்பா, நோட்டே முடியப்போகுது. ‘கழுகு, பனிக்கறடி, பதினாறு நிமிஷம்.’ கரடிக்கு இந்த றவா?

— முப்பத்தஞ்சு வயசுல எழுத்துப் படிச்சவன் நான். அதுவும் டிவியில மல்லன் பேர் போடுறதைப் பாத்துப் பாத்து. கரடின்னு தெரியுதுல்ல, போதும்.

— அது சரி... இந்த மூணு கோடு எதுக்கு? சில ஆட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு. சிலதுக்கு இல்லை.

— அதுவா... அது நல்ல ஆட்டத்துக்கு.

— அப்படியா? பழசுதான் ஆட்டம், பழசுதான் ஆட்டம்னு தொண்டை கிழியப் பேசுறீங்க. முதல் பக்கத்துல கொத்தன், மாலுமின்னு ஞாபகமா எழுதியிருக்கீங்க, அதுக்குக் கோட்டைக் காணோம். கோடெல்லாம் இந்த ஒன்பது வருஷத்துக்குத்தான் இருக்கு.

— பாக்கிறப்ப எப்படித் தோணுதோ அப்படிப் போடுறதுதான்.

— போன மாசம் தவளை வேஷக்காரன் வந்து மூணே நிமிஷத்துல தோத்துட்டுப் போனானே. அரைத் தூக்கத்துல பாத்தீங்க. அதுக்கும் மூணு கோடு.

— அந்தத் தவளைகிட்ட ஒரு... ஒரு இது இருந்துச்சு.

— என்ன இது?

— நோட்டைக் குடு, மணி அடிச்சாச்சு.

— நடுக்கோடு வேற எல்லாத்துலயும் வளைஞ்சு வளைஞ்சு போகுது.

— லேட்டாப் பழகின கை. வளையத்தான் செய்யும். பேசாம இரு இப்ப.

— நான் பாக்கலை. நீங்க பாத்துச் சொல்லுங்க.

— ஏன்?

— பட்டன் வைக்கணும்.

— அந்தப் பட்டனை நாலாவது தடவையா தைக்கிற. சட்டை கிழிஞ்சுறப்போகுது.

— நான் தைச்ச சட்டை கிழியாது.

— அது என்னவோ நிஜம்தான். குடோன்ல எல்லார் சட்டையும் ஆறு மாசத்துல தோள்ல பிரிஞ்சுடுது. என்னுது மட்டும்தான்... ஐயோ. கழுகைத் தூக்கிட்டான். தூக்கிப் போட்டான். முட்டி... முட்டியிலேயே மிதிக்கிறான் பாரு, படுபாவி.

— எழுந்துட்டானா?

— எழுறான். ஒரு கையை ஊனி... எழுந்துட்டான். பாரு, இதுதான் பழைய ஆட்டக்காரன். வலிச்சா வலிக்குதுன்னு காட்டுறான், ஆனா கத்தலை. இப்ப உள்ளவன் விரல்ல பட்டதுக்கே ஊரைக் கூட்டுவான்.

— அப்புறம்?

— கழுகு அவன் கையைப் பிடிச்சுத் திருப்பிட்டான். பழைய பிடி. விடாத, விடாத... விட்டுட்டான். கழுகு குப்புற விழுந்துட்டான். தங்கப்பல் அவன் முதுகு மேல உக்காந்துட்டான். கேமரா கிட்டப் போகுது... பின்கழுத்துல கை வச்சுட்டான்...

— என்னாச்சு?

— இரு, கிட்டப் போய்ப் பாக்கிறேன்...

— ஏங்க, என்னாச்சு?

— டெய்லரம்மா... அந்த முகமூடி கழண்டு வராது.

— எப்படிச் சொல்றீங்க?

— தோணுது. டீ இருக்கா?

— இந்த நேரத்துல டீயா?

— இழுக்குறான். வரலை. திரும்ப இழுக்குறான். தலையே சேந்து வருது, முகமூடி வரலை. ரெண்டு கையாலயும் இழுக்குறான். ஜனம் சிரிக்குது. தங்கப்பல் நடுவரைப் பாக்குறான், நடுவர் தங்கப்பல்லைப் பாக்குறார்... கழுகு முகத்தை மூடத் தயாரா ரெண்டு கையையும் கொண்டு போனவன், அப்படியே முழிக்கிறான்.

— அப்புறம்?

— தங்கப்பல் காலை ஊனி மொத்தமா பின்னால சாஞ்சு இழுக்க... கை வழுக்கி அவனே மல்லாக்க விழுந்துட்டான். கழுகு திரும்பி அவன் மேல படுத்துட்டான். ரெண்டு தோளும் தரையில. ஒண்ணு... ரெண்டு... நடுவர் கை அந்தரத்துல நிக்குது. தட்டுய்யா. ஜனமே மூணு மூணுங்குது. தட்டுய்யா... தட்டிட்டார்.

— ஜெயிச்சுட்டானா?

— ஜெயிச்சுட்டான். முகமூடியோட நிக்கிறான் பாரு. ஏய், ஏன் அழற? நீ எப்ப இருந்து குஸ்தி பாக்க ஆரம்பிச்ச?

— அழலை. கண்ல நூல் விழுந்துடுச்சு.

— நூல் விழுமா கண்ல... உன் போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— கடை மாஸ்டர்னு வருது. ஞாயித்துக்கிழமை எதுக்கு உன்னைக் கூப்பிடுறார்?

— ...ஏங்க. ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது.

— சொல்லு.

— எங்க கடையில பள்ளிக்கூட யூனிபாரம்தான் தைக்கிறோம்னு சொன்னேன்ல. அது மட்டும் இல்லை. இந்தக் குஸ்திக்காரங்க உடுப்பெல்லாம் அங்கதான் தைக்க வருது. முகமூடி பூரா என் மெஷின்ல. வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி சேந்த அன்னைக்கே கையெழுத்து வாங்கிட்டாங்க.

— ம்.

— என்ன ‘ம்’? கேக்குறீங்களா? கழுகு முகமூடிக்கு ஒரு சீட்டு எழுதி வந்துச்சு. பின்கழுத்துல ஒத்தை வரி, பெரிய பெரிய தையலா, முடிச்சுப் போடாம. ஒரே இழுப்புல வரணும்னு. சீட்டைப் பாத்தாலே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கு அவன் தோக்கப்போறான்னு.

— ஒத்தை வரிதான் தைச்சியா?

— அப்படித்தான் தைச்சேன். வெள்ளிக்கிழமை மாஸ்டர் இழுத்துப் பாத்தார், சரசரன்னு வந்துச்சு. நல்லாருக்கு, இதே மாதிரி திரும்பத் தைச்சுப் பெட்டியில வைன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனார். தைக்க உக்காந்தேன்... நீங்க தொடாம வச்ச தட்டு ஞாபகம் வந்துச்சு. மூணு வரி போட்டுட்டேன்.

— கை தவறியா?

— கை தவறினா ஒரு வரி போகும். மூணு வரி எப்படிங்க தவறும்?

— திரும்ப அடிக்குது. எடு.

— வேலை போயிடும்.

— எடு. நான் பக்கத்துல இருக்கேன்ல.

— ஹலோ... ஆமா மாஸ்டர்... பாத்தேன்... ஆமா, மூணு வரிதான்... பழக்கத்துல கை போட்டுடுச்சு மாஸ்டர்... சரி... சரி... எத்தனை?... சரி மாஸ்டர்.

— என்னவாம்?

— நல்லாத் திட்டினார். பழக்கத்துல போட்டேன்னு சொன்னதை நம்பலை. ஆனா மேற்கொண்டு கேக்கவும் இல்லை. அங்க ஜனம் இன்னும் எழுந்து போகாம கைதட்டிக்கிட்டே இருக்காம். கம்பெனிக்காரங்களுக்குத் தலைகால் புரியலை, கழுகு அடுத்த மாசமும் ஆடணுமாம்.

— வேலை?

— இருக்கு. கழுகுக்கு இன்னும் ரெண்டு முகமூடி தைக்கணுமாம். மூணு வரியில.

— அப்ப பட்டனை விட்டுட்டு வந்து உக்காரு.

— உங்க சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனா? கையெழுத்துக்காக மட்டும் மறைக்கலைங்க. எல்லாம் பேசி வச்சதுன்னு தெரிஞ்சா, அப்புறம் நீங்க எதைப் பாத்துட்டுத் திங்கக்கிழமை படி ஏறுவீங்க...

— பேனா எங்க?

— எதுக்கு?

— எழுத வேணாமா. ‘சாம்பல் கழுகு, தங்கப்பல். பதினெட்டு நிமிஷம். கழுகு ஜெயிச்சான்.’

— ...மூணு கோடு போடுறீங்க. இவ்வளவு சொன்ன பிறகும் இது உங்களுக்கு நல்ல ஆட்டமா?

— கோடு ஆட்டத்துக்கு இல்லை, டெய்லரம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பனிக்கரடி குப்புற விழுந்தப்ப அவன் பின்கழுத்தைக் கிட்டத்துல காட்டினான். என் சட்டைத் தோள்ல நீ போட்டிருக்கிற அதே மூணு வரி, நடு வரி மட்டும் வளைஞ்சு. உலகத்துல வேற எவளுக்கும் அந்த வளைவு வராது. போன வருஷம் பச்சோந்தி முகமூடி ஒரே இழுப்புல கையோட வந்துச்சே, அன்னைக்கே தெரியும், என் பெண்டாட்டியா அப்படித் தைக்க மாட்டா, எவனோ சொல்லித் தைச்சிருக்கான்னு. நீயா வாயைத் திறக்கிற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன். உன் தையல் தெரிஞ்ச ஆட்டத்துக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு வச்சேன்... குப்புற விழுந்தவன் கழுத்தைத்தானே கிட்டத்துல காட்டுவான், அதனால எல்லாம் தோத்தவன் கழுத்துல பாத்த தையல். இன்னைக்குத்தான் முதல் தடவையா அது ஜெயிச்சுப் பாக்குறேன்.