மூணாவது டிஸ்க்

அத அப்படியே கீழ வைங்க சார். தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கையில இருக்குற டப்பாவப் பாத்துட்டு என்னால சும்மா நிக்க முடியல. நாலு டிஸ்க் சொருகி, வீட்டுல இருக்குற எல்லா போனும் கம்ப்யூட்டரும் போட்டோ, வீடியோன்னு அதுல கொண்டுபோய்க் கொட்டுமே, அந்தப் பெட்டிக்குத்தானே? ஆங்... நினைச்சேன்.

இது அதுக்கு ஆகாது. சும்மா மேஜை கம்ப்யூட்டருக்குச் செஞ்சது. காலையில போட்டு சாயங்காலம் அணைக்கிற ஆளுக்கு. உங்க பெட்டி அணையவே அணையாது. அதுல இத மாட்டுனா, கல்யாண வீட்டுச் செருப்பப் போட்டுக்கிட்டு மலை ஏறுன கதைதான். அட்டையில மட்டும் பாருங்க, வேகமாம், நம்பிக்கையாம், இன்னும் என்னென்னவோ. உள்ள எழுதுற விதம் என்னன்னு எங்கயாவது போட்டிருக்கானா? போட மாட்டான். கூரையில ஓடு அடுக்குற மாதிரி, ஒரு வரி மேல அடுத்த வரியக் கொஞ்சம் ஏத்தி ஏத்தி எழுதுற சாதி இது. நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓடெல்லாம் பிரிச்சு மறுபடி வேயணும். சும்மா படம் பாக்க ஓடிரும். ஒரு டிஸ்க் செத்து, புதுசு போட்டு, உள்ளத எல்லாம் அதுல திரும்ப நிரப்பணும்னு வரும் பாருங்க, அப்ப நாள்கணக்குல மூச்சு வாங்கும். பெட்டியே, இது எதுக்கும் லாயக்கில்லன்னு தள்ளி வெச்சிரும்.

அங்க நிக்கிறாரே விக்கிறவரு, அவர்கிட்ட கேட்டுப் பாருங்க. "எல்லாம் ஒண்ணுதாங்க"ம்பாரு. எங்க மாடி வீட்டு டாக்டர் அப்படித்தான் எங்கயோ போய் புதுசுன்னு வாங்கிட்டு வந்தாரு. நான் சொருகிப் பாத்தேன். ஏற்கெனவே மூணு வருஷம் ஓடுன டிஸ்க். தொடச்சு, புது கவர் போட்டு அவர் தலையில கட்டிட்டான். ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்ற மனுஷன், எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு ஒரு தடவ பாக்க வேணாமா? அந்தக் கணக்கு டிஸ்க்குக்குள்ளயே பதிஞ்சிருக்கும் சார். படிச்சவங்க.

இன்னொண்ணு... நாலையும் சேத்து ஒரே கடையில, ஒரே அட்டைப்பெட்டியில இருந்து எடுக்காதீங்க. ஒரே நாள்ல, ஒரே மெஷின்ல இருந்து வந்ததுங்க. ஒண்ணு படுத்தா அடுத்த வாரமே அதுக்குத் துணைக்கு இன்னொண்ணும் படுக்கும். ரெண்டு இங்க வாங்குங்க, ரெண்டு வேற எங்கயாவது வாங்குங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா... நான் லிஃப்ட் மெக்கானிக் சார். இருபத்தெட்டு வருஷம். ஒரு கட்டடத்துல லிஃப்ட் அலாரம் அடிக்குதுன்னு வாட்ச்மேன் வயரப் பிடுங்கி வெச்சிருந்தான். அன்னைக்கு அவன நான் பேசுன பேச்சு, ஏழாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு. சத்தம் தொந்தரவாம் அவனுக்கு. அது கத்துறதே உன்னக் கூப்பிடத்தாண்டா முண்டம்...

சரி, அத விடுங்க. எங்க அக்கா டீச்சர். காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்குறா. தொண்டையில கை வெச்சு, கன்னத்துல கை வெச்சு, கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு. ஒரு எழுத்து வர ஒரு மாசம் ஆகும். சேர வர்ற அன்னைக்கே ஒவ்வொரு பிள்ளையையும் ரெக்கார்ட் பண்ணிருவா, முத வார்த்தை வாயில வர்ற அன்னைக்கும், முடிச்சுப் போற அன்னைக்கும் பண்ணுவா. முன்னூத்தி நாப்பது பிள்ளைங்க. அத எதுல வெச்சிருந்தான்னு நினைக்கிறீங்க? பிஸ்கட் டின்ல. குட்டிக் குட்டி டிஸ்க்கா பதினோரு உருப்படி, ஒவ்வொண்ணுலயும் காகிதம் ஒட்டி. நான் சிரிச்சேன் சார். "இதென்ன அஞ்சறைப்பெட்டியா"ன்னு கேட்டேன். "நாலு டிஸ்க் பெட்டி ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் ஒரே இடத்துல வெக்கிறேன், ஒரு டிஸ்க் செத்தாலும் மத்த மூணும் தாங்கும்"னு வசனம் வேற. "எனக்கு இதுவே போதும்டா"ன்னா. விட்டேனா?

ஆமா. இதே டப்பாதான். நாலும் ஒரே அட்டைப்பெட்டி. அன்னைக்கு ஒரு கடையில, எப்பவும் ஓடுறதுக்குன்னே வேற டிஸ்க் இருக்குன்னு ஒரு அம்மா பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. விலைய ஏத்தப் பாக்குறாங்கன்னு அவங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்.

எல்லாத்தையும் காப்பி பண்ணேன். பழைய பதினோரு டிஸ்க்கையும் அழிச்சு, அவனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணுன்னு தானம் பண்ணேன். "ஒரு செட்டு அப்படியே கிடக்கட்டுமே"ன்னா அக்கா. "பெட்டியிலதான் பத்திரமா இருக்கே"ன்னேன். பெட்டி வேற, பத்திரம் வேற சார். அது எனக்கு அப்புறந்தான் வெளங்குச்சு.

மூணு வருஷம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் கத்த ஆரம்பிச்சுது. பீப்... பீப்... மூணாவது டிஸ்க் போகப்போகுதாம். நான் என்ன பண்ணேன்? செட்டிங்ல போய் சத்தத்த அணைச்சேன். ரெண்டு மாசம். அந்த வாட்ச்மேன் எம்மூஞ்சில காறித் துப்பலாம், நான் தொடச்சுக்கிட்டுப் போவேன்.

அந்த டிஸ்க் செத்தே போனப்புறம், ஒரு ஞாயித்துக்கிழமை புது டிஸ்க்கோட போய் உக்காந்தேன். பெட்டி மேல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சிருக்கான். அத நான் நம்பல. தூசி தட்டுறப்ப நாலையும் கழட்டி, நானா ஸ்டிக்கர் எழுதி ஒட்டியிருந்தேன் பாருங்க, அத நம்புனேன். மாட்டுறப்ப எடம் மாத்தி மாட்டிட்டேன்னு நினைப்பே இல்ல. மூணுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தத உருவுனேன். அது நல்ல டிஸ்க்.

ஒண்ணு போனா தாங்கும். ரெண்டு போனா தாங்காது. பதறிப்போய் உருவுனதத் திரும்பச் சொருகுறேன். அது திரையில என்னவோ கேக்குது. நாலு வரி இருந்துச்சு சார், நாலே வரி. படிக்கல. சரின்னு அமுக்கிட்டேன். "புதுசா ஆரம்பிக்கவா, உள்ள இருக்குறதெல்லாம் அழிஞ்சிடும்"னு கேட்டிருக்கு.

மீட்டுக் குடுக்குற இடத்துக்கு ஓடுனேன். ஆறு வாரம் வெச்சிருந்து, இருநூத்திப் பத்துப் பிள்ளைங்களோடது வந்துச்சு. மிச்சம் நூத்தி முப்பது போயிருச்சு.

அக்கா திட்டுனாளான்னுதானே பாக்குறீங்க? திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கிளாஸ் முடியுற வரைக்கும் என்ன வெளியவே உக்கார வெச்சா. அப்புறம் பழைய நோட்ட எடுத்து அந்த நூத்தி முப்பது பேரையும், வீட்டு நம்பரையும் ஒண்ணு ஒண்ணா எழுதுனா. எழுதி முடிச்சு எங்கிட்ட நீட்டுனா. "நீயே சொல்லு. யார்கிட்டயாவது காப்பி இருக்கான்னு கேளு. இல்லன்னா, போயிருச்சுன்னு உன் வாயாலயே சொல்லு."

அவ்வளவுதான் சொன்னா. இதுவரைக்கும் எண்பத்தொம்பது பேருக்கு போன் போட்டாச்சு. சில வீட்டுல காப்பி இருந்துச்சு, அனுப்புனாங்க. சில பேரு, பரவாயில்லைங்க, எங்க பையன் இப்ப வாய மூடுறதே இல்லன்னு சிரிச்சாங்க. ஒரு அம்மா மட்டும்... அவங்க பொண்ணு இப்ப இல்ல சார். போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. அவ முதமுதல்ல அம்மான்னு சொன்னது அதுலதான் இருந்துச்சாம். "இன்னொரு தடவ தேடிப் பாருங்களேன் தம்பி"ன்னாங்க. தேடுறேன்னேன். பொய். தேட ஒண்ணுமில்ல. மறுநாள் நேர்ல போய், பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வந்தேன். தண்ணி குடுத்தாங்க.

அதான் இங்க வந்தேன். மிச்சம் இருக்குறதயாவது ஒழுங்கா வெக்கணும். அது எந்தப் பெட்டி, எத்தன காப்பின்னு இந்தத் தடவ அக்காதான் முடிவு பண்ணியிருக்கா. நான் அவ எழுதிக் குடுத்த சீட்டப் பாத்து வாங்கிட்டுப் போகணும், அவ்வளவுதான் எனக்கு வேல. ஆங், அந்த டப்பாவ வெச்சுட்டீங்களா... நல்லது. மேல் தட்டுல இருக்கு பாருங்க, எப்பவும் ஓடுறதுக்குன்னு எழுதியிருக்கும். அதுலயும் எழுதுற விதம் என்னன்னு வாய்விட்டுக் கேட்டுட்டு எடுங்க. இவனுங்களா சொல்ல மாட்டானுங்க, திருட்டு...

ஒரு நிமிஷம், போன் அடிக்குது.

ஹலோ... ஆமாங்க, காலையில கூப்பிட்டது நான்தான். டீச்சரோட தம்பி. ... இல்லம்மா, டீச்சர் நல்லா இருக்காங்க. உங்க பையனோட ரெக்கார்டிங் விஷயமா... ஆமா, அது போயிருச்சும்மா. ... இல்லைங்க, மெஷின் மேல தப்பில்ல. கடைக்காரங்க மேலயும் இல்ல.

நான்தாம்மா. சொல்றேன், கொஞ்சம் உக்காந்து கேளுங்க.