பூட்டுக்கு ஒரு பேனர்

கடைக்காரர்: பாத்து வாங்கம்மா, அந்தத் துணியை மிதிச்சிடாதீங்க. பெயின்ட் இன்னும் காயல.

வந்தவள்: என்ன இது... "பூட்டு இல்லாத கிளப்பு எங்களுக்கு வேண்டாம்"... யாருக்கு இது? அந்த டிஃபென்டருக்கா?

கடைக்காரர்: பின்ன, கதவுல தொங்கற பூட்டுக்கா எழுதுவாங்க? நம்ம ஃபுட்பால் கேப்டன்தான், கோலுக்குப் பூட்டு மாதிரி நிக்கறதால அந்தப் பேரு. நாளைக்குக் கமிட்டி கூடுது. அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் போடறதா, கழட்டி விடறதான்னு முடிவு பண்றாங்க. ரசிகர் மன்றம் மொத்தமும் கிளப் வாசல்ல உக்காரப் போறோம். வண்டிக்கு என்ன, பின்சக்கரமா?

வந்தவள்: பின்சக்கரம்தான். பஞ்சர் போல இருக்கு. ஏண்ணே... அந்த ஆளுக்குப் போயா இவ்வளவு நீளத் துணி?

கடைக்காரர்: அந்த ஆளா? இந்தக் கடையில உக்காந்துக்கிட்டு அவனை அந்த ஆளுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உக்காருங்க, பேசுவோம்.

வந்தவள்: இருக்கட்டும். வெயிலு.

கடைக்காரர்: கடைக்குள்ள ஏதும்மா வெயிலு?

வந்தவள்: நீங்க சக்கரத்தைப் பாருங்கண்ணே... அவன் திரும்பறதுக்குள்ள ஒரு பஸ்ஸே திரும்பிடும். போன மேட்ச்ல எதிர் டீம் சின்னப் பையன் பந்தை எடுத்துக்கிட்டு வந்தான், இவன் என்ன பண்ணான்? வாங்க தம்பி, போங்க தம்பின்னு வழி விட்டான்.

கடைக்காரர்: வழி விட்டானா? அந்தப் பையன் எங்க போய் முடிஞ்சான், அதைச் சொல்லுங்க. மூலைக் கொடிக்கிட்ட போய் முட்டிக்கிட்டு நின்னான். பந்து வெளிய போச்சு. அங்க தள்ளிக்கிட்டுப் போனதே இவன்தான், காலைக்கூட நீட்டாம. அதுக்குப் பேருதாம்மா ஆட்டம். கோல் போடறவனுக்குக் கைதட்டு, போட விடாதவனுக்குத் திட்டு. இதுதான் இந்த ஊர் நியாயம்.

வந்தவள்: அப்போ அரையிறுதியில நம்ம வலைக்குள்ளயே போட்டானே, அது? அதுவும் ஆட்டம்தானா?

கடைக்காரர்: அவன் போடல. முழங்கால்ல பட்டுத் திரும்புச்சு. காலை வீட்டுல வெச்சுட்டா வர முடியும்?

வந்தவள்: வயசாயிடுச்சுண்ணே. ஓட முடியல. சும்மா பேரை வெச்சுக்கிட்டு நிக்கறான். அந்த இடத்துல ஒரு சின்னப் பையனைப் போட்டா நல்லா ஆடுவான்.

கடைக்காரர்: சின்னப் பையன் ஓடுவான். ஓடறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. கார்னர் பந்து கல்லு மாதிரி வரும்போது எவன் நிப்பான்? மத்தவனெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுக் குதிப்பான். இவன் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நெத்தியைக் குடுப்பான். டொக்குனு ஒரு சத்தம், கேலரி வரைக்கும் கேக்கும். அந்தத் தலைக்கே ஒரு சிலை வைக்கலாம்.

வந்தவள்: தலையைப் பத்திப் பேசாதீங்க.

கடைக்காரர்: ஏன்?

வந்தவள்: பேசாதீங்கன்னா பேசாதீங்க. வேற எதையாவது சொல்லுங்க. காலைச் சொல்லுங்க, வேர்வையைச் சொல்லுங்க...

கடைக்காரர்: நல்லா இருக்கே. பாட்டுக்காரனைப் பத்திப் பேசு, தொண்டையைச் சொல்லாதேங்கற கணக்கா இருக்கு.

வந்தவள்: நாளைக்கு நீங்க போய் உக்காந்தா கமிட்டி கேக்குமா?

கடைக்காரர்: கேக்காம? போன வருஷம் கோச்சை மாத்தப் பாத்தாங்க. நாங்க கேட்டை மறிச்சு உக்காந்தோம். கிளப் தலைவரே செருப்பு கூடப் போடாம இறங்கி வந்தாரு. நாங்க வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்.

வந்தவள்: அப்போ வேண்டாம்னு சொல்லுங்க.

கடைக்காரர்: என்னது?

வந்தவள்: அந்த பேனர்ல நடுவுல இருக்கிற "இல்லாத கிளப்பு"ங்கறதை மட்டும் அழிச்சிடுங்க. "பூட்டு எங்களுக்கு வேண்டாம்". பெயின்ட் இன்னும் காயலன்னு சொன்னீங்களே.

கடைக்காரர்: எந்த மன்றத்து ஆளும்மா நீங்க? ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பு அனுப்பிச்சுதா? போய்ச் சொல்லுங்க, நான் இருக்கிற வரைக்கும் அவனை எவனும் கழட்ட முடியாதுன்னு.

வந்தவள்: என்னை யாரும் அனுப்பல.

கடைக்காரர்: இருங்க... இந்தச் சக்கரத்துல பஞ்சர் எங்க? தண்ணியில முக்கிப் பாத்துட்டேன், ஒரு குமிழி வரல. யாரோ காத்தைப் பிடுங்கி விட்டிருக்காங்க.

வந்தவள்: நான்தான்.

கடைக்காரர்: நீங்களேவா?

வந்தவள்: தெருமுனையில நிறுத்திப் பிடுங்கினேன். சும்மா வந்து நின்னா என்ன சொல்றது? கடைக்கு வர ஒரு காரணம் வேணும்ல.

கடைக்காரர்: ஹெல்மெட்டைக் கழட்டுங்க தங்கச்சி.

வந்தவள்: இந்தாங்க, கழட்டிட்டேன். பாருங்க.

கடைக்காரர்: அட... நீங்க பூட்டோட வீட்டுக்காரம்மா. கோப்பை வாங்கின அன்னைக்கு மேடையில அவன் பக்கத்துல நின்னீங்க. நீங்களா... நீங்களா அவன் வேண்டாம்னு எழுதச் சொல்றீங்க?

வந்தவள்: ஆமா. நான்தான் சொல்றேன்.

கடைக்காரர்: புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டுல வெச்சுக்கங்கம்மா. கிளப்பு வரைக்கும் கொண்டு வராதீங்க.

வந்தவள்: சண்டையா? சண்டை போட்டா அதையாவது ஞாபகம் வெச்சுக்குவாரான்னு பாக்கறேன். ஒரு கேள்வி கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. போன மாசம், இடைவேளை முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. அவர் நேரா அந்தப் பக்கம் போய் எதிராளி கோல் முன்னாடி நின்னாரே...

கடைக்காரர்: அது வேடிக்கைக்குப் பண்ணான். கேலரியே சிரிச்சுது.

வந்தவள்: நீங்க சிரிச்சீங்களா?

கடைக்காரர்: ...சிரிச்சேன்.

வந்தவள்: நான் சிரிக்கல. கோல்கீப்பர் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தான், பாத்தீங்களா? அவரும் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சதால சிரிச்சாரு. எந்தப் பக்கம் போகணும்னு அவருக்குத் தெரியல.

கடைக்காரர்: டாக்டர்கிட்ட...

வந்தவள்: காட்டியாச்சு. கிளப் டாக்டர் இல்ல, வெளிய. நெத்தியில வாங்கி வாங்கி உள்ள கலங்கிப் போச்சுங்கறாரு. இன்னும் வாங்கினா திரும்பி வராதுங்கறாரு. இவர் என்ன சொன்னாரு தெரியுமா? கிளப்புக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா வெளிய போட்டுடுவாங்க, வாயைத் திறந்தா நான் உனக்கு யாரும் இல்லன்னாரு.

கடைக்காரர்: விளையாடறவன் அப்படித்தாம்மா சொல்லுவான். அவனுக்கு அதுதானே மூச்சு. நீங்க கொஞ்சம் பொறுத்து...

வந்தவள்: எவ்வளவு பொறுக்கறது? பொண்ணை ஸ்கூல்ல விடக் கூட்டிக்கிட்டுப் போனவரு நேரா ஸ்டேடியத்துக்குப் போயிட்டாரு. காரை நிறுத்திட்டு உள்ள போய்ப் பயிற்சி பண்ணிட்டு வந்திருக்காரு. பின்சீட்டுல அவ உக்காந்திருக்கா, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. கதவைத் திறந்து, நீ எப்படிடி இங்க வந்தேன்னு கேட்டாராம்.

கடைக்காரர்: குழந்தையையேவா மறந்துட்டான்?

வந்தவள்: உங்களுக்கு அவர் தொண்ணூறு நிமிஷம்ண்ணே. விசில் ஊதினா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. மிச்ச நேரமெல்லாம் எனக்கு. ஆட்டத்தை ரசிச்சவங்க எல்லாரும் கைதட்டிட்டுப் போயிடுவீங்க, அந்தத் தலையோட நான்தான் இருக்கணும்.

கடைக்காரர்: நீங்க சொன்னா கேக்க மாட்டானா?

வந்தவள்: நான் சொன்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாரு. கமிட்டி போன்னு சொல்லணும், அப்பத்தான் ஷூவைக் கழட்டுவாரு. கமிட்டி நீங்க சொன்னாத்தான் சொல்லும். அதான் உங்ககிட்ட வந்தேன். கிழவன்னு எழுதுங்க. தண்டம்னு எழுதுங்க. எது வேணா எழுதுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

கடைக்காரர்: நீங்க தாங்குவீங்க. அவன் தாங்குவானா? இந்த ஊருக்காக நெத்தி உடைஞ்சவனை, இந்த ஊரே சேர்ந்து திட்டினா...

வந்தவள்: மறந்துடுவாரு.

கடைக்காரர்: அப்படிப் பேசாதீங்கம்மா.

வந்தவள்: வேற எப்படிப் பேசறது? அழுது பாத்தாச்சு, கெஞ்சிப் பாத்தாச்சு. இனிமே யார் காலையும் பிடிக்கறதா இல்ல. நீங்க மாட்டேன்னா நானே நாளைக்கு கேட்டு முன்னாடி நிக்கறேன், உங்க எல்லாருக்கும் எதிர்ல, ஒத்தை ஆளா. என் புருஷனுக்கு ஆடத் தெரியலன்னு கத்தறேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்.

கடைக்காரர்: உக்காருங்க.

வந்தவள்: உக்கார வரல. செய்வீங்களா மாட்டீங்களா?

கடைக்காரர்: போன வாரம் இங்க வந்தான்மா.

வந்தவள்: யாரு... அவரா?

கடைக்காரர்: தனியா வந்தான். அண்ணே, தலைக்குள்ள என்னவோ ஆகுது, வீட்டுல பயந்து போயிருக்கா, எனக்கும் பயமா இருக்குன்னான். நானாப் போறேன்னு சொல்ல வாய் வரல, ஓடிட்டான்னு பேசுவாங்க, நீங்க எல்லாரும் சேர்ந்து வேண்டாம்னு சொல்லுங்க, போயிடறேன்னான். உக்காந்து அழுதான்.

வந்தவள்: அவரே சொன்னாரா? அவர் வாயாலயா?

கடைக்காரர்: அவன் வாயாலதான். அன்னைக்கே துணி வாங்கி எழுதியும் முடிச்சேன். மறுநாள் திரும்பவும் வந்தான், சிரிச்சுக்கிட்டே. அண்ணே, கமிட்டி என்னைக் கழட்டப் பாக்குது, விட்டுடாதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவேன்னான். முந்தின நாள் வந்ததே அவனுக்கு ஞாபகம் இல்ல. நானும் ஞாபகப்படுத்தல.

வந்தவள்: ஏண்ணே... ஏன் சொல்லல?

கடைக்காரர்: ரசிகன்மா நான். சிரிச்சுக்கிட்டு சொன்னதை எடுத்துக்கிட்டேன். அழுதுக்கிட்டு சொன்னதை மடிச்சு, பின்னாடி டயருக்குக் கீழ போட்டுட்டேன்.

வந்தவள்: அதுல... வேண்டாம்னா எழுதியிருக்கீங்க?

கடைக்காரர்: அப்படித்தான் எழுதச் சொன்னான். எனக்குக் கை வரல. "இத்தனை நாள் எங்களை நீ பாத்துக்கிட்ட பூட்டு, போதும்; இனிமே உன்னை நாங்க பாத்துக்கறோம்"னு எழுதினேன். வாங்க, டயருக்குக் கீழ இருக்கிற அந்தத் துணியோட முனையைப் பிடிங்க, பிரிப்போம். நாளைக்குக் கிளப் வாசல்ல இதைத்தான் தூக்கப் போறோம். எவன் வந்து கேட்டாலும் சரி... அவனே வந்து நின்னு கேட்டாலும் சரி.